இழுத்துப் பார்த்த பூட்டு

கேபின்களுக்குத் திரை போட நான் புதுத் துணி வாங்கவில்லை சார். ஜவுளிக்கடையில் பதினோரு வருஷம் நின்றவனுக்கு மீட்டர் துணியைக் காசு கொடுத்து வாங்கக் கை கூசும். பழைய முதலாளி கடையில் சாயம் இறங்கிப்போன சுங்குடி கொஞ்சம் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, ஏழாகக் கிழித்து, ஓரம் அடித்து, ஏழு கம்ப்யூட்டருக்கும் தொங்கவிட்டேன். உங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்து அவிழ்க்கச் சொன்னார்கள், அவிழ்த்தேன். மறுவாரம் திரும்ப மாட்டிவிட்டேன். ஒரு மனுஷன் தனக்கு வந்த கடுதாசியைப் படிக்கிற இடத்தில் மறைப்பு இல்லாவிட்டால் அது என்ன ஊர்.

பெயர் வெங்கடேஷ்பாபு. வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. மஹால் பக்கம் மாடியில் பிரவுசிங் சென்டர், இரண்டாயிரத்து ஒன்றிலிருந்து நடக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், நான் மெதுவாகவே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் மதுரைக்காரர்கள் இன்டர்நெட்டைக் கல்யாண வீடு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது அங்கேயே கிடக்கும் என்று நம்பிக்கை. மெயிலை மூடாமல் எழுந்து போவார்கள். 'அடுத்த முறை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா' என்று மெஷின் கேட்டால், பாவம் கேட்கிறதே என்று சரி சொல்வார்கள். ஒரு வக்கீல் தன் பாஸ்வேர்டைக் கீபோர்டுக்கு அடியில் பால்பாயிண்டில் எழுதி வைத்திருந்தார், அவருக்குச் சொந்தமில்லாத என் கீபோர்டில். இவர்களையெல்லாம் திருத்தியது நான். எழுந்திருக்கும் முன் ஹிஸ்டரியை அழி, பிரவுசரை மூடித் திறந்து பார், தெரியாத சைட்டில் ஃபாரம் நிரப்பும்போது நிஜமான பிறந்த வருஷத்தைக் கொடுக்காதே, பாட்டுக்கும் ஜோசியத்துக்கும் ஒரு மெயில், வீட்டு விஷயத்துக்கு வேறு மெயில். இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருந்தேன். அட்டையை நீங்கள்தான் எடுத்து வந்திருக்கிறீர்கள். அடுத்தவர் தட்டுவதைத் திருடுகிற சாஃப்ட்வேர் ஏதாவது என் மெஷின்களில் இருக்கிறதா என்று தேடச் சொல்லியிருப்பதாகச் சொன்னீர்கள். தேடட்டும். ஒன்றும் கிடைக்காது. அந்த மாதிரி ஈனத்தனத்தை நான் செய்ததில்லை.

இந்துப்ரியா என் பழைய முதலாளி சந்தானத்தின் மகள். விளக்குத்தூண் பக்கம் சுங்குடிக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். எங்கள் ஆட்கள். வீட்டில் எங்கள் பாஷை, கடையில் உங்கள் தமிழ். அவள் என்னை அண்ணே என்பாள். காலேஜ் இரண்டாம் வருஷம் சென்டருக்கு வந்து மெயில் தொடங்க வேண்டும் என்றாள். பேர் வேண்டாம், பிறந்த தேதி வேண்டாம், சாமி பேர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, உன் வீட்டு வாசலைத் தாண்டாத ஒரு சொல் ஏதாவது இருந்தால் அதைப் போடு என்றேன். யோசித்தாள், சிரித்துக்கொண்டாள், அடித்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன், அது என் வழக்கம். கண்ணைத் திருப்பலாம், காதைத் திருப்ப முடியாது. பத்துத் தட்டு.

ஜவுளிக்கடையில் துணி ஓரத்தில் குத்தியிருக்கும் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று இங்கிலீஷ் எழுத்து இருக்கும். அது நாங்கள் வாங்கிய விலை. ஒவ்வொரு கடையும் பத்தெழுத்துச் சொல் ஒன்று வைத்திருக்கும். வந்த எழுத்து மறுபடி வராத சொல். முதல் எழுத்து ஒன்று, அடுத்தது இரண்டு, கடைசி எழுத்து பூஜ்யம். எதுவரைக்கும் இறங்கலாம் என்று விற்கிறவன் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வான், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வெறும் கிறுக்கல். அந்தச் சொல் முதலாளி வீட்டு ஆட்களுக்கும், முதலாளி நம்புகிற ஒரே ஒரு ஆளுக்கும்தான் தெரியும். சந்தானம் முதலாளி கடையில் அந்த ஒரே ஆள் நான். அவள் பிறந்ததிலிருந்து அந்தச் சொல் அவர்கள் வீட்டில் இருக்கிறது. உலகத்திலேயே பத்திரமான சொல் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியதில் தப்பில்லை. என்ன சொல் என்று கேட்காதீர்கள். அது இன்னொருவர் குடும்பச் சொத்து.

சிவபாண்டி வேறு மாதிரி. கீழக்குயில்குடிப் பக்கத்துப் பையன். அவன் அப்பா அடுத்தவர் வயலில் உழைத்தே செத்தவர். அம்மா தங்கப்பொண்ணு இன்னும் நாற்று நடப் போகிறாள். பாலிடெக்னிக்கில் ஏசி மெக்கானிக் படித்துவிட்டு, வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட என்னிடம் வந்தான். மெயில் தொடங்கிக் கொடுத்து, பாஸ்வேர்டும் நானே போட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தேன். முதல் வேலையாக இதை மாற்றிவிடு என்று இரண்டு தடவை சொன்னேன்.

"நீங்க போட்டுக் குடுத்ததுண்ணே. அத எதுக்கு மாத்திக்கிட்டு" என்றான்.

மாற்றினால் என்னைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தான். மரியாதை தெரிந்த பையன். அந்த மரியாதைக்கு நானா பொறுப்பு.

இரண்டு பேரும் பழகியது என் சென்டரில்தான், மூன்றாம் கேபினுக்கும் நாலாம் கேபினுக்கும் நடுவில். கரண்ட் போனால் எல்லாக் கேபினிலிருந்தும் திட்டு வரும். அந்த இரண்டு கேபின் மட்டும் திட்டாது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அவன் மஸ்கட் போன பிறகுதான் உறைத்தது. அவனுக்கு அங்கே வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்கு மட்டும் மெயில் பார்ப்பான். இவள் சனிக்கிழமை சாயங்காலம் டைப்ரைட்டிங் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வருவாள். ஒரு மணி நேரம், மூன்றாம் கேபின். முடிந்ததும் நான் சொல்லிக் கொடுத்தபடி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். என் மாணவர்களில் அவள்தான் முதல் மார்க்.

கடை பூட்டுகிறவன் பூட்டியதோடு விடமாட்டான் சார். மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். பதினோரு வருஷம் முதலாளி கடைப் பூட்டை நான் அப்படித்தான் இழுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டமில்லாத நேரம், இந்தப் பூட்டையும் இழுத்துப் பார்த்தேன். அந்தச் சொல்லை அடித்தேன். திறந்துகொண்டது. திறந்த கதவை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது, உள்ளே போய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன்.

அவள் அவனுக்குத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவாள். அவனுக்கு எங்கள் பாஷை வராது. நிறைய எழுதியிருந்தாள். வீட்டில் யார் என்ன சொன்னார்கள், மஸ்கட்டில் சோறு எப்படி, சித்திரையில் லீவு கிடைக்குமா. நடுவில் என்னைப் பற்றியும் இரண்டு வரி. 'சென்டர் அண்ணே இன்னிக்கும் பூட்டு பூட்டுன்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்துச்சு. அதுகிட்ட திருடுறதுக்கு யாருக்கு என்ன இருக்கு, பாவம்.' அவன் அதற்கு, 'சிரிச்சு முடியல' என்று பதில் போட்டிருந்தான்.

அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்பதாவது மெயில், நாலாவது பாரா என்பது தற்செயலாக ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏழெட்டு மாதம் படித்ததோடு சரி, கை வைக்கவில்லை. இரண்டாயிரத்து மூன்று கார்த்திகையில் அவளுக்குப் பரமக்குடியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். எங்கள் ஆட்கள், நல்ல இடம். தை மாதம் நிச்சயம். மார்கழி முடிகிற வாரம் அவள் அவனுக்கு எழுதியது எனக்கு மனப்பாடம்.

'தை பதினாலுக்குள்ள வந்துரு சிவா. நீ வாசல்ல வந்து நின்னா கட்டுன துணியோட கெளம்பிருவேன். வரலைன்னா நான் யாரு முன்னாடியும் போய் நிக்க மாட்டேன். அத மட்டும் புரிஞ்சுக்க.'

வெள்ளிக்கிழமை அவன் அதைப் படித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஏறியிருப்பான். அப்படிப்பட்ட பையன்தான். அதனால் சனிக்கிழமை சென்டரைச் சாத்துவதற்கு முன்னாலேயே நான் அவன் மெயிலைத் திறந்து அதை அழித்துவிட்டேன். அவன் ஏங்கிப் போகக்கூடாது என்று அவள் மெயிலிலிருந்து வேறு ஒன்று அனுப்பினேன். நிச்சயப் பேச்சு தள்ளிப் போய்விட்டது, அவசரப்பட்டு லீவு போட்டு வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று. மறுவாரம் அவன் போட்ட பதிலை இவள் பார்க்கும் முன் அழித்துவிட்டு, இவளுக்கு அவன் மெயிலிலிருந்து எழுதினேன். 'லீவு தர மாட்டேங்குறாங்க. எனக்கும் ஊர்ல பொண்ணு பாத்துட்டாங்க. உங்க வீட்ல சொல்றதக் கேளு.' அவன் நடை எனக்கு வந்துவிட்டது. அவன் புள்ளி வைக்க மாட்டான், நானும் வைக்கவில்லை.

கேட்கிறீர்கள், நியாயமான கேள்விதான். அவள் நல்லதுக்கு என்றால் முதலாளியிடம் நேரே சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருந்தால் ஒரு பெண்ணின் ரகசியத்தை வெளியே விட்ட பாவம் எனக்கு வந்திருக்கும். ஊரெல்லாம் பேசியிருக்கும். இன்றைக்கு உங்களிடம் சொல்கிற வரைக்கும் அவள் விஷயத்தை ஒரு உயிரிடம் நான் சொன்னதில்லை. எத்தனை பேரால் இப்படி இருக்க முடியும்.

யார் முன்னாடியும் போய் நிற்க மாட்டேன் என்று அவள் எழுதியதை ஏன் லேசாக எடுத்துக்கொண்டாய் என்றால், நான் வளர்ந்த இடம் அப்படி. பேரத்தில் எல்லாரும் சொல்வதுதான் அது. இந்த விலைக்குத் தராவிட்டால் எழுந்து போய்விடுவேன் என்பார்கள். பத்துப் பேர் எழுந்தால் ஒன்பது பேர் கடைப்படியில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். கூப்பிடாமல் இருப்பவன்தான் வியாபாரி.

அந்த மறுவாரச் சனிக்கிழமை அவள் நாலரைக்கு வந்தாள். திரைக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கீபோர்டு சத்தம்கூட இல்லை. ஐந்தரைக்கு மேல் எழுந்து என் மேஜைக்கு வந்து நின்றாள். முகம் கழுவின மாதிரி இருந்தது, சென்டரில் தண்ணீர்க் குழாய் கிடையாது. எங்கள் பாஷையில் கேட்டாள்.

"அண்ணே, ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் மெயில் எழுத முடியுமா?"

சந்தேகம் வந்திருக்கிறது, பாருங்கள். கெட்டிக்காரி. அவன் அப்படி எழுதக்கூடியவன் இல்லை என்று அவளுக்குள் ஏதோ ஒன்று சொல்லியிருக்கிறது. அந்த நேரத்தில் இந்த மதுரையில் அவள் போய்க் கேட்பதற்கு என்னைவிட்டால் ஆள் இல்லை. நான் விஷயம் தெரிந்தவன், பொய் சொல்லாதவன் என்று நம்பிக் கேட்டாள். நானும் பொய் சொல்லவில்லை.

"பாஸ்வேர்ட ஒழுங்கா வச்சிருந்தா முடியாதும்மா" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டினாள். அவன் பாஸ்வேர்டு ஒழுங்காக இருந்ததா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை. திரும்பக் கேபினுக்குள் போனாள். இன்னும் கால் மணி நேரம் இருந்தாள். அவன் அனுப்பியது, இவள் அனுப்பியது, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அழித்தாள். ஹிஸ்டரியை அழித்தாள். பிரவுசரை மூடித் திறந்து பார்த்துவிட்டு, திரையை இழுத்துவிட்டு, வாரேண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அவள் இல்லை. எப்படி என்பது உங்கள் ரெக்கார்டில் இல்லை, இருக்காது. முதலாளி வயிற்றுவலி என்று சொன்னார், டாக்டரும் தெரிந்தவர். ஏன் என்று மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அலமாரியைக் கலைத்தார்கள், நோட்டுகளைப் புரட்டினார்கள், ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அத்தனை சுத்தம். முதலாளி என் தோளைப் பிடித்துக்கொண்டு, பாபு, உன் சென்டருக்கு வருவாளே, உனக்கு ஏதாவது தெரியுமாடா என்றார். இங்கே வருகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை என்றேன். தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். வலது பக்கம், முன்னால்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல அவனிடமிருந்து மெயில் வந்தது. ஏன் எழுதவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டிருந்தான். மஸ்கட்டில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு தங்கியிருக்கிற பையன், அங்கே யார் இருக்கிறார்கள் அவனைத் தேற்ற. உண்மையைச் சொன்னால் ஏதாவது பண்ணிக்கொள்வான். ஒரு சாவு போதும் என்று நினைத்தேன். லேசாகக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை என்று அவள் பேரில் எழுதினேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலமானால் மூன்றாம் கேபினில் போய் உட்கார்ந்துகொள்வேன். யாராவது வந்தால் மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடுவேன். அவளை எம்.காமில் சேர்த்துவிட்டேன். பரமக்குடிச் சம்பந்தத்தை ஜாதகம் சரியில்லை என்று முறித்துவிட்டேன். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அவளுக்குக் கொலுசு தொலைந்துபோனது, அதற்கு அவன் ஒரு வாரம் வருத்தப்பட்டான். இரண்டு தடவை லீவில் வருகிறேன் என்று எழுதினான். அப்பாவுக்கு நெஞ்சுவலி, இப்போது நீ வந்து நின்றால் தாங்க மாட்டார், இன்னும் ஒரு வருஷம் பொறு என்று அவள் எழுதினாள். காண்ட்ராக்டை நீட்டிக்கொண்டான். சொன்ன பேச்சைக் கேட்கிறவன்.

அவன் அம்மா அவ்வப்போது டவுன் பஸ் பிடித்து வருவாள். போனில் குரல் கேட்கலாம், முகம் பார்க்க என்னிடம்தான் வர வேண்டும். மகன் அனுப்பிய போட்டோவைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுவேன். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து, "எம்புட்டுக் கருத்துட்டான். சோறு திங்கிறானா, இல்ல காத்தக் குடிக்கிறானா" என்பாள். போன ஐப்பசியில் வந்தபோது ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. படத்துக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"ஏன்யா, இந்த வருசமும் வரமாட்டானாமா?"

வேலை அதிகமாம் என்றேன்.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்குறான். யாருக்கோ வாக்குக் குடுத்துருக்கேன்ங்குறான். நீ படிச்சவன், நீயாச்சும் ஒரு வார்த்த எழுதிப் போடுய்யா. கண்ணு ரெண்டும் போறதுக்குள்ள வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போகட்டும்."

எழுதுகிறேன் ஆத்தா என்றேன். மடியில் கட்டி வந்த வேர்க்கடலையை மேஜைமேல் கொட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு ராத்திரி நிஜமாகவே எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவன் வந்தால் இவள் என்ன ஆவாள், சொல்லுங்கள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு வாரமும் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிக்கொண்டு வந்த பெண்ணை, அவன் வந்து இறங்கின நாளே நான் கொன்றுபோட வேண்டியிருக்கும். மனது வரவில்லை.

இந்த மாசி மாதம் அவன் சொல்லாமல் வந்துவிட்டான். அம்மா வரப்பில் விழுந்து இடுப்பு ஒடிந்துவிட்டது என்று போன் வந்து, மெயில் பார்க்கவும் நேரமில்லாமல் பிளேன் ஏறியிருக்கிறான். தெரிந்திருந்தால் ஏதாவது யோசித்திருப்பேன். அம்மாவைப் பார்த்துவிட்டு நேரே முதலாளி கடைக்குப் போயிருக்கிறான். எங்கேயாவது அவள் தென்படுவாளா என்று, அம்மாவுக்குச் சேலை எடுக்கிற சாக்கில். கல்லாவுக்கு மேலே மாலை போட்ட படம், கீழே தேதி. சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றானாம். விலை படியாமல் நிற்கிறார் என்று நினைத்துக் கடையாள் இரண்டு தடவை இறக்கிக் கொடுத்தானாம். அவன் சட்டைப் பையில் முந்தின வாரம் அவள் எழுதிய மெயிலின் பிரின்ட் இருந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் உங்களிடம் வந்தான்.

நீங்கள் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிற இந்தக் கட்டில் நூற்றுச் சொச்சம் தாள் இருக்கிறது. எல்லாம் என் மெஷினில் எழுதியவை, என் விரல் தட்டியவை, மறுக்கவில்லை. அவள் செத்ததற்கு முந்தின நாள் அவள் படித்ததும் நான் எழுதியதுதான். அவள் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். எங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் ரிப்போர்ட்டில் தப்பாக எழுதிவிடாதீர்கள் சார். மேலே இருக்கிற தாளில், அவன் பையில் இருந்த அந்தக் கடைசி மெயிலில், ஏழாவது வரியைப் படியுங்கள். 'சென்டர் அண்ணே மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியல, சாமி மாதிரி' என்று இருக்கிறதா? அந்த வரியை நான் எழுதவில்லை. அது அவளாகச் சொன்னது. நான் டைப் அடித்ததோடு சரி.